மாறிப்போன கன்றுகள்

நிழல்வலைக் கொட்டகைக்குள் அன்று காலை இருந்தவர்கள்: நாற்றங்கால் முதலாளியம்மா, தண்ணீர் ஊற்றுகிறவன், அவன் பெண்டாட்டியின் தம்பி, இருநூறு வேலங்கன்றுகள். கன்றுகளையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். சந்தேகம் அவற்றின் மேலும் இருந்தது.

"இது நான் போட்ட கன்னே இல்ல," என்றான் தண்ணீர்க்காரன்.

ரோஜாவும் குரோட்டன்ஸும் விற்றுப் பிழைக்கிற இடம் அது. வெளிநாட்டு வேலமரம் அங்கே இதுதான் முதல் தடவை. பாறையும் மணலுமாய்த் தண்ணீர் நிற்காத சரிவில் வளருமாம். சில வருடத்தில் ஆளுயரம் தாண்டி மஞ்சள் பஞ்சுருண்டையாய்ப் பூக்குமாம். விதையோ கல். அவன்தான் கொதிநீர் ஊற்றி ஊறவைத்து, உப்பியதை மட்டும் பொறுக்கி, பைக்கு ஒன்றாய் ஊன்றினான். இறகு மாதிரிப் பொடி இலையோடு முளைத்தது. அதற்குள் கால் முறிந்து ஏழு வாரம் படுத்துவிட்டான். மச்சினன் வந்து தண்ணீர் ஊற்றினான். கொட்டகைச் சாவியும் அவனிடம்தான்.

இப்போது வந்து பார்த்தால், பைகளில் அவன் ஆணியால் குத்திய மூன்று ஓட்டைகள் அப்படியே இருக்கின்றன. இறகிலையைத்தான் காணோம். எல்லாம் தடித்து நீண்டு, அரிவாள் போல வளைந்த இலை.

"பை என்னோடது. செடி யாரோடது? எவன்கிட்ட தள்ளிவிட்ட மாப்ள?"

"நான் தண்ணி ஊத்துனேன் மாமா. அது பாட்டுக்கு மாறிச்சு."

"மாறிச்சா? செடி என்ன, சட்டை மாத்துதா?"

"ஏழு வாரம் உங்களுக்குச் சோறும் நான்தான் கொண்டாந்தேன். அதையும் மாத்திட்டேனா?"

முதலாளியம்மா குறுக்கே வந்தாள். "நாளைக்கு லாரி வருது. என்ன மரம்னு சொல்லி ஏத்துறது? தம்பி, நீ சாவியக் குடு."

கொடுத்தான். வேலை நிரந்தரமாகிவிடும் என்று அக்காவிடம் சொல்லி வைத்திருந்தவன்.

இருநூறையும் பிடுங்கி அதே பையில் வேறு செடி நட எவனுக்குப் பொறுமை இருக்கிறது? தண்ணீர்க்காரன் கோலை ஊன்றி வரிசை வரிசையாய்க் குனிந்து பார்த்துக்கொண்டே போனான். வெயில் படாத மூலையில், வளர்ச்சி பிந்திய குட்டைக்கன்று ஒன்று. அடியில் இறகிலை. உச்சியில் அரிவாள் இலை. நடுவே ஒரு காம்பு தட்டையாய் விரிந்திருந்தது. அதன் நுனியில் இறகுக்கொத்து இன்னும் உதிராமல் ஒட்டிக்கொண்டிருந்தது.

தூக்கி வந்து நடுவில் வைத்தான்.

"இதென்ன கூத்து? காம்பே இலையாவுதா? அப்ப எல்லாம் நம்ம கன்னுதானா?" என்றாள் முதலாளியம்மா.

"அப்படித்தான் தெரியுதும்மா." அது ஏன் அப்படி ஆகிறது என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

அவள் சாவியை மச்சினனிடம் நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"வேணாம்மா. நாளைக்கு இது பூத்தா அதுக்கும் நான்தான் பதில் சொல்லணும்."

"மாப்ள, உங்கக்கா கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

"இப்ப என்னைச் சொன்னீங்கல்ல, அதையே சொல்லுங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறினான். தண்ணீர்க்காரன் கோலை ஊன்றி வாசல்வரை நொண்டினான். முதலாளியம்மா மச்சினனுக்குப் பின்னால் கம்பிக்கதவைச் சாத்திப் பூட்டினாள்.