என் அப்பா இன்ஜினியர் இல்லை

சிம்மக்கல்லில் ஒரு பாத்திரக்கடை மாடியில் நாங்கள் எட்டு நர்ஸுகள் ஒன்பது மாதம் ஜெர்மன் படித்தோம். படித்தோம் என்பதே அதிகம். சிவக்குமார் சார் ஜெர்மனி வேலை இண்டர்வியூவில் வரும் நாற்பது கேள்விக்கு நோட்ஸ் கொடுப்பார், நாங்கள் மனப்பாடம் செய்வோம். பத்தாம் வகுப்பையும் இப்படித்தானே பாஸ் செய்தோம். அந்த நோட்ஸின்படி எட்டுப் பேருக்கும் ஒரே குடும்பம்: அப்பா இன்ஜினியர், அம்மா டீச்சர், பொழுதுபோக்கு பனிச்சறுக்கு. மதுரையில் பனிச்சறுக்கு.

என் அப்பா விருமாண்டி கொட்டாம்பட்டியில் திருச்சி ரோட்டோரம் இளநீர் வெட்டுகிறார். இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. ஜெர்மன் எனக்கு நிஜமாகவே பிடித்துப்போயிருந்தது. பஸ்ஸில் பார்ப்பதையெல்லாம் அதில் சொல்லிப் பார்ப்பேன். சில வாக்கியங்களில் வினைச்சொல் நம் தமிழைப் போலவே கடைசியில் வந்து உட்காரும். அதைக் கண்டுபிடித்த அன்று வெளியூரில் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி சந்தோஷப்பட்டேன். அந்த மொழியில் நான் பேசும் முதல் பேச்சே பொய்யாக இருக்க வேண்டுமா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஜெர்மனி ஆஸ்பத்திரிக்காரர்கள் லேப்டாப்பில் இண்டர்வியூ எடுக்கும் நாள் வந்தது. ஆனையூரில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு வந்தவள் நான். இது போனால் எனக்கு வேறு வழியில்லை. ஆனாலும் சாரிடம் சொல்லிவிட்டேன்.

“சார், எங்கப்பா இளநீ வெட்டுறாரு. அதையே சொல்லிக்கிறேன்.”

“இளநீருக்கு ஜெர்மன்ல என்னாம்மா?”

“தெரியல சார். சுத்தி வளச்சாவது சொல்லிருவேன்.”

“எம்புட்டுத் தப்பு விடுவ தெரியுமா? நோட்ஸுல உள்ளதச் சொல்லு முனீஸ்வரி. இல்லைன்னா லிஸ்டுலருந்து பேர எடுத்துருவேன்.”

“லிஸ்டு நேத்தே ஜெர்மனிக்குப் போயிருச்சு சார்.”

எனக்கு முன்னால் போன மூன்று பேரும் நாலு நாலு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார்கள். நான் போய் உட்கார்ந்தபோது திரையில் இருந்த ஜெர்மன்கார அம்மா கொட்டாவியை அடக்கிக்கொண்டு, குடும்பத்தைப் பற்றிக் கேட்டார்.

பெரிய பச்சைக் காய், மரத்தில் காய்ப்பது, உள்ளே தண்ணீர், அப்பா மூன்று வெட்டில் திறப்பார், வெயிலில் வரும் லாரிக்காரர்கள் குடிப்பார்கள் என்று தட்டுத் தடுமாறிச் சொன்னேன். இலக்கணம் கந்தலாகிக் கிடந்தது. அந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். கையை வெட்டிக்கொள்ள மாட்டாரா என்று கேட்டார். ஒரு தடவை கட்டைவிரலில் ஆழமாக வெட்டிக்கொண்டார், நான்தான் கட்டுப் போட்டேன் என்றேன். எப்படிப் போட்டாய் என்று கேட்டார். இருபது நிமிடம் போனது. கடைசியில், தப்புகள் நிறைய, ஆனால் எல்லாம் புரிந்தது, மிச்சத்தை இங்கே வந்து திருத்திக்கொள்ளலாம் என்றார். பிறகு, எல்லோரும் முடிந்ததும் முன்னால் வந்த மூவரையும் திரும்பக் கூப்பிடச் சொன்னார். மூன்று பேருக்கும் ஒரே அப்பாவா என்று கேட்டார்.

வெளியே வந்து சொன்னதும் சார் கொதித்தார். மற்ற பெண்கள் என்னை முறைத்தார்கள். எங்கள் எட்டுப் பேரில் ஒரே பையனான ஸ்டீவ் மட்டும் பக்கத்தில் வந்து நின்றான். அவன் அப்பா சர்ச்சில் கூட்டிப் பெருக்கி, மணி அடித்து, எல்லாம் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை.

“அக்கா, கோயில்பிள்ளைக்கு ஜெர்மன்ல என்னா?”

“எனக்கும் தெரியல. அவரு என்ன செய்றாரோ அதச் சொல்லு.”

“காலேஜ்ல கூட நான் யார்ட்டயும் சொன்னதில்லக்கா.”

“ஸ்டீவ், நோட்ஸ ஒருக்கா பாத்துட்டுப் போ,” என்றார் சார்.

ஸ்டீவ் நோட்ஸை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனான். பிறகு அவன் குரல் கேட்டது. என் அப்பா காலையில் ஐந்து மணிக்கு மணி அடிப்பார் என்று ஜெர்மனில் சொன்னான். தப்பு மேல் தப்பு விட்டான். ஆனாலும் அவன் நிறுத்தவில்லை.

சார் கதவைச் சாத்த எழுந்தார். நான் போய்க் கதவில் சாய்ந்து நின்றுகொண்டேன்.

“தொறந்தே கெடக்கட்டும் சார். மத்தவுகளும் கேக்கட்டும்.”