மேலே போகிற துப்பாக்கி

ஹெட்லிக்கு எந்தப் பொருளையும் இருக்கிறபடி இருக்க விடத் தெரியாது. படகுத் துடுப்பு நீளமாக இருக்கிறதென்று வெட்டினான், அது தண்ணீருக்கு எட்டாமல் போனது. சமையலறை நாற்காலி ஆடுகிறதென்று ஒவ்வொரு காலாகக் குறைத்துக்கொண்டே வந்தான், கடைசியில் அதில் உட்கார்ந்தால் மேஜை தாடையில் இடித்தது. அப்போதெல்லாம் அவன் மனைவி வெர்னா சிரித்துவிட்டுப் போய்விட்டாள். இந்த வருஷம் அவன் கை வைத்தது அவளுடைய துப்பாக்கியில்.

பழைய பட்டாளத்துத் துப்பாக்கி அது. உலகப்போர் முடிந்ததும் இனி வேண்டாமென்று கழித்துவிட்ட சரக்கு. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் அப்படி ஒன்று இல்லாத வீடு குறைவு. வெர்னா அதை அடுத்த ஊர்க் கிழவர் ஒருவரிடம் போன குளிர்காலத்தில் வாங்கினாள். குழலின் முனை வரை மரம் போர்த்தி, நல்ல கனம். ஆனால் குறி வைத்த இடத்தில் குண்டு போய் உட்காரும். சரளைக்கல் பள்ளத்தில் பீர் அட்டைப்பெட்டியை நிறுத்திச் சுட்டுப் பார்த்தவள், இது போதும் என்று துடைத்து உள்ளே வைத்தாள்.

வசந்தத்தில் மூஸ் மான் வேட்டை உரிமத்துக்கான குலுக்கலில் அவள் பெயர் விழுந்தது. இத்தனை வருஷமாக ஹெட்லியின் சீட்டில் துணைப் பெயராகப் போய், பிளாஸ்கும் ரொட்டியும் சுமந்தவள் அவள். இந்தச் சீட்டு அவளுடையது. குதிரையைவிட உயரமான அந்த மிருகத்தைத் தன் கையால் வீழ்த்தி, குளிர்காலம் முழுக்கப் புட்டிகளில் இறைச்சி அடைத்து வைக்க வேண்டும், ஒரு முறையாவது அதை என் மூஸ் என்று சொல்ல வேண்டும். வேறு எதற்கும் அவள் ஆசைப்படவில்லை. அடுத்த முறை பெயர் விழ எத்தனை வருஷமாகுமோ, யார் கண்டது.

வேட்டைக்காலம் தொடங்குகிற வாரம். மீன் ஆலையில் வேலை முடிந்து வந்தவள் கொட்டகையில் விளக்கெரிவதைப் பார்த்தாள். ஹெட்லியும் அவன் தம்பி கஸ்ஸும் நின்றிருந்தார்கள். பட்டறை மேஜை இடுக்கியில் அவளுடைய துப்பாக்கி. முன்பக்க மரத்தில் பாதியைக் காணோம். குழலும் நான்கு விரற்கடை குறைந்திருந்தது. தரையெல்லாம் மரத்தூளும் இரும்புத்தூளும்.

"உனக்குத் தோள் வலிக்குமேன்னுதான், கண்ணு. தூக்கிப் பாரு, பஞ்சு மாதிரி இருக்கு" என்றான் ஹெட்லி.

"தோள் வலிக்குதுன்னு நான் உன்கிட்ட சொன்னேனா?"

"சொல்லணுமா என்ன? தெரியாதா எனக்கு?"

கெட்ட எண்ணத்தில் செய்திருந்தாலாவது திட்டித் தீர்க்கலாம். அவன் முகத்தில் பிறந்தநாள் பரிசு கொடுத்தவனின் பூரிப்பு. வெர்னா தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

வெட்டிய முனையோடு குறிபார்க்கும் முள்ளும் போய்விட்டது. ஹெட்லி ஒரு பித்தளைத் துண்டை அராவி, புது முள்ளாகப் பற்றவைத்தான். சனிக்கிழமை பள்ளத்தில் சுட்டுப் பார்த்தார்கள். குண்டு அட்டைப்பெட்டிக்கு மேலே பறந்து மேட்டில் மண்ணைக் கிளப்பியது. மேலே போகிறதென்றால் முள்ளைக் கொஞ்சம் குறைக்க வேண்டும் என்றான் ஹெட்லி. ஆமாம் என்றான் கஸ். அராவினார்கள். குண்டு இன்னும் மேலே போனது. இன்னும் அராவினார்கள்.

முள் தாழத் தாழ, அதைக் கண்ணுக்கு நேரே கொண்டுவரக் குழலை நிமிர்த்த வேண்டியிருக்கிறது, அதனால்தான் குண்டு மேலே போகிறது, முள்ளை உயர்த்துங்கள் என்று வெர்னா சொன்னாள். ஒரு தரமல்ல, ஒவ்வொரு சனிக்கிழமையும் சொன்னாள். சுடும்போது நீ பயந்து துப்பாக்கியைத் தூக்கிவிடுகிறாய் என்றான் ஹெட்லி. அப்படியானால் நீ சுடு என்றாள். அவன் சுட்டதும் மேட்டில்தான் போய் விழுந்தது. அன்றைக்குக் காற்று என்றான்.

"அண்ணி, பொறுமையா இருங்க. இதெல்லாம் நுணுக்கமான வேலை" என்று கஸ் அவளுக்கு ஆறுதல் வேறு சொன்னான்.

நுணுக்கத்திலேயே செப்டம்பர் போனது, அக்டோபரும் போனது. ஊரில் எல்லார் வீட்டிலும் புட்டி நிறைந்தது. ஹெட்லி தன் துப்பாக்கியைத் தருகிறேன் என்றான். அதில் சுட்டால் பாதிப் பெருமை அவனுக்குப் போகும் என்று அவளுக்குத் தெரியும். வேண்டாமென்றாள். பேசிப் பேசி வாய் வலித்துப்போய், ஒரு நாள் அவளே தனியாகப் பள்ளத்துக்குப் போனாள். ஒன்றரை முழம் கீழே பிடித்தால் குண்டு சரியாக விழுந்தது. நெஞ்சில் பட வேண்டுமானால் முட்டியைப் பார்த்துச் சுட வேண்டும், அவ்வளவுதானே! யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு அரத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

வேட்டைக்காலத்தின் கடைசி நாள். சதுப்பில் முந்தின நாள் பனி விழுந்து கிடந்தது. விடிந்தும் விடியாமலும் இருந்த வெளிச்சத்தில், மரங்களின் ஓரத்தில் ஒரு ஆண் மூஸ் வந்து நின்றது. பக்கவாட்டில், அசையாமல், இதைவிட நல்லபடியாக எந்த மூஸும் நிற்காது. ஹெட்லி பின்னால் நிற்க, வெர்னா மண்டியிட்டாள். அவசரப்படவில்லை. முட்டியைப் பார்த்து விசையை இழுத்தாள்.

அதன் காலடியில் பனியும் சேறும் தெறித்தன. மூஸ் ஒரே பாய்ச்சலில் மரங்களுக்குள் போய்விட்டது. மதியம் வரை தேடினார்கள். ரத்தத் துளி இல்லை, முடி இல்லை, வெறும் குளம்படிதான்.

"ஏன் அவ்வளவு கீழ பிடிச்ச?" என்று கேட்டான் ஹெட்லி.

"மேல போகுதே, அதனாலதான்."

அவன் குனிந்து தன் பூட்ஸிலிருந்த பனியைத் தட்டினான். பிறகு, "நேத்து சாயங்காலம் சரி பண்ணிட்டேன். உயரமா ஒரு முள்ளு வெச்சேன். சுட்டும் பாத்தேன், நடுவுல போய் விழுந்துது" என்றான்.

வெர்னா துப்பாக்கியைத் திருப்பிப் பார்த்தாள். பித்தளை மின்னாமலிருக்கக் கரி பூசிய புது முள். இந்த இரண்டு மாதத்தில் அது எத்தனை வேஷம் போட்டதோ, அவள் பார்ப்பதையே விட்டிருந்தாள்.

"ஏன் சொல்லல?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"சொன்னா நான் சொன்னதுதான் சரின்னு ஆயிடும். அதானே?"

அவன் வண்டியைப் பார்த்து நடக்கத் தொடங்கினான். அவளுக்கு அழுகை முட்டியது. தான் முட்டியைக் குறிவைக்கப் பழகியதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன என்று தன்மேலும் கோபம் வந்தது. ஆனால் யாரிடம் சொல்வது, சொல்லும்போதெல்லாம் காற்று என்றவனிடமா?

வழியில் பெட்ரோல் போட நிறுத்தினார்கள். ஹெட்லி இறங்கினான்; கஸ் அங்கே நின்றிருந்தான். வண்டியின் பின்பக்கம் காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, என்ன ஆச்சு என்று கேட்டான். வெர்னா ஓட்டுநர் இருக்கையிலிருந்து ஹெட்லியின் முதுகைப் பார்த்தாள். இப்போதாவது சொல்வான் என்று காத்திருந்தாள்.

"துப்பாக்கி சரியாத்தான் இருந்துது. அவ கொஞ்சம் கீழ பிடிச்சிட்டா" என்றான் ஹெட்லி.

"பதட்டம் இருக்கும்ல, பாவம்" என்றான் கஸ்.

வெர்னா வண்டியைக் கிளப்பினாள். கண்ணாடியில் இரண்டு பேரும் கையை ஆட்டிக்கொண்டு பின்னால் ஓடிவருவது தெரிந்தது. அவள் நிறுத்தவில்லை.