இரண்டு பஞ்சாங்கம் பார்க்கிற வீடு

எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் எதற்கும் வேண்டாம் என்று சொன்னதில்லை. ஐந்து வருஷமாக இந்த வீட்டு மருமகளாக இருக்கிறேன். என் மாமியார் தங்கம் ஒரு தடவைகூட என்னிடம் குரலை உயர்த்திப் பேசியதில்லை. என்ன சமைக்கலாம் என்று கேட்பார். வெயில் இப்படிக் கொளுத்துகிறதே என்பார். துணி காய்ந்துவிட்டதா பார் என்பார். சாப்பாடு, வெயில், துணி. இதற்கு வெளியே எங்கள் வீட்டில் பேச்சே கிடையாது. இதையெல்லாம் சொன்னால் என் அம்மாவே, இப்படி ஒரு மாமியார் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும், உனக்கென்னடி குறை என்கிறாள்.

குறை என்னவென்று சொல்கிறேன். செகந்திராபாத் மாரேட்பள்ளியில் இருக்கிற இந்த வீட்டை, வெள்ளைக்காரன் காலத்தில் ரயில்வே வேலைக்கு வந்த மாமனாரின் தாத்தா கட்டினார். பின்னால் வந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் இடித்தும் சேர்த்தும் கட்டியதில், பின்பக்க பால்கனிக்குப் போக ஒரே வழிதான் மிஞ்சியது. அது நானும் என் கணவர் ராஜீவும் படுக்கிற அறை. துணி உலர்த்தும் கொடி அந்த பால்கனியில். வாஷிங் மெஷின் அந்த பால்கனியில். காய்ந்த மிளகாய், அப்பளம், மாமனார் கிருஷ்ணமூர்த்தியின் உடற்பயிற்சி எல்லாமே அங்கேதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் கண்ணயரலாம் என்று படுத்தால், வெளியே மாமனாரின் இருமல் கேட்கும். மழை வர மாதிரி இருக்கும்மா, துணியை எடுத்துடறேன் என்பார். பாவம், நல்ல மனிதர். என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டே போவார், தரையைப் பார்த்துக்கொண்டே வருவார். அவர் மேல் எப்படிக் கோபப்படுவது?

எனக்கு வேண்டியது வேறு ஒன்றுமில்லை. சாத்தினால் சாத்தியபடி இருக்கிற ஒரு கதவு.

மே மாதம் உப்பலில் ஒரு ஃபிளாட் பார்த்தோம். என் ஆபீஸுக்கு நடந்தே போய்விடலாம். சின்ன வீடுதான். இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு. வீட்டுக்காரர் ஸ்ரீகாந்த் பக்கத்துத் தெருவில் இருந்தார். ராஜீவுக்கு என்னைவிட உற்சாகம். கட்டிலை எந்தப் பக்கம் போடுவது, ஃபிரிட்ஜ் எங்கே நிற்கும் என்று கையை விரித்து அளந்து பார்த்தார். அன்று திரும்பி வரும்போது மெட்ரோவில் அவர் தோளில் சாய்ந்துகொண்டு வந்தேன். கல்யாணமானதிலிருந்து அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

ராத்திரி சாப்பாட்டில் ராஜீவே விஷயத்தைச் சொன்னார். மாமியார் அவருக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை. "உப்பலா? அங்க போர் தண்ணியாமே, பருப்பு வேகுமா?" என்று மட்டும் கேட்டார். மாமனார், தயிர் புளிக்கவில்லையே என்று விசாரித்தார். அவ்வளவுதான். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். மறுநாளே மளிகைக் கடையில் அட்டைப்பெட்டிகள் கேட்டு வாங்கி வந்துவிட்டேன்.

ஆவக்காய் போடுகிற நேரம், போட்டுவிட்டுப் போனால் உங்களுக்கும் ஒரு ஜாடி ஆயிற்று என்றார் மாமியார். நியாயம்தான். ஊறுகாய் போட்டோம். அப்புறம் பாத்ரூம் குழாய் ஒழுகியது. பிளம்பர் வருகிறவரை வீட்டில் ஆள் வேண்டும் என்றார். அதுவும் நியாயம்தான். அவர் சொல்வதில் நியாயமில்லாதது ஒன்று இருந்தால் நான் அன்றே சண்டை போட்டிருப்பேன். அப்படி இப்படி என்று ஜூன் ஓடி, ஆஷாடம் பிறந்துவிட்டது. ஆஷாட மாதத்தில் தெலுங்குக்காரர்கள் குடி போவதும் இல்லை, குடி வைப்பதும் இல்லை. ஸ்ரீகாந்தே போன் செய்து, அடுத்த மாதம் சிராவணம் பிறந்ததும் வாருங்கள், வீடு உங்களுக்குத்தான் என்றார்.

காத்திருந்தேன். ஆனால் நான் எந்த வீட்டில் வாழ்க்கைப்பட்டிருக்கிறேன் என்பதை மறந்துவிட்டேன். நான்கு தலைமுறையாக ஹைதராபாத்தில் இருக்கிற தமிழ்க் குடும்பம். கூடத்துச் சுவரில் தெலுங்கு காலண்டர் ஒன்று, தமிழ் காலண்டர் ஒன்று. உகாதிக்குப் பச்சடி, சித்திரைக்கு வடை பாயசம். பண்டிகை என்றால் இரண்டு பஞ்சாங்கத்திலும் சாப்பிடுவோம். ஆகாது என்றாலும் இரண்டிலும் சேர்த்தே ஆகாது. ஆஷாடம் முடிகிறதற்கு ஒரு வாரம் இருக்கும்போது, புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்த மாமியார் யாரிடமோ சொல்வதுபோல், "ஆடி பொறந்துடுச்சே" என்றார். ஆடியில் தமிழர்கள் வீடு மாற மாட்டார்கள்.

இதற்குள் கட்டிவைத்த பெட்டிகள் ஒவ்வொன்றாக வாயைத் திறந்தன. விருந்தாளி வந்தபோது பெரிய குக்கர் வெளியே வந்தது. மழை பிடித்துக் குளிர் கண்டதும் கம்பளிகள் வந்தன. மாமியாரின் மிக்ஸி மக்கர் செய்ததால் என் மிக்ஸி அவர் மேடைக்குப் போயிற்று. நான் கட்டக் கட்ட வீடு பிரித்துக்கொண்டே இருந்தது. யாரையும் குற்றம் சொல்ல முடியாது. குளிருகிறவர்களுக்குக் கம்பளி கிடையாது என்றா சொல்வது?

ராஜீவிடம் சொன்னேன், எனக்கு இந்த வீட்டில் மூச்சு முட்டுகிறது என்று. இப்படியேதான், இந்த வார்த்தையிலேயே சொன்னேன். "எதுக்கு இவ்ளோ டென்ஷன் பூர்ணா? மழை விடட்டும், போயிடலாம்" என்றார். அப்புறம் ஜன்னலைப் பார்த்து, நாளைக்கும் விடாது போலிருக்கிறது என்றார். மகன் அம்மாவைக் கொண்டிருக்கிறான் என்பார்களே, நான் மூக்கையும் நிறத்தையும் மட்டும்தான் பார்த்திருந்தேன்.

ஆடி முடிகிறவரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. ஸ்ரீகாந்த் சிராவணம் என்றார், சிராவணம் வந்துவிட்டது, எனக்கு அது போதும். நானே வண்டி பேசினேன். வருகிற ஞாயிறு காலை என்று வீட்டில் சொன்னேன். அப்போதும் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மாமியார் வண்டிக்காரனுக்கும் சேர்த்துச் சாதம் வைக்கவா என்று கேட்டார்.

ஞாயிறு காலை ராகேஷ் என்கிற டிரைவர் இரண்டு ஆட்களோடு வந்தான். வானம் வெளுத்திருந்தது. மாமனார் வாசலில் நின்று, மௌலா அலி பக்கம் கறுக்கிறது என்று நம்பிக்கையோடு சொன்னார். ஒன்றும் கறுக்கவில்லை. கட்டில் ஏறியது. பீரோ ஏறியது. பெட்டிகள் ஏறின. ராஜீவ் ஓடியாடி வேலை செய்தார். கயிற்றைத் தானே இழுத்துக் கட்டினார், அவிழ்த்தார், மறுபடியும் கட்டினார். மாமியார் எலுமிச்சை சாதமும் தயிர் சாதமும் டப்பாக்களில் அடைத்து என் கையில் கொடுத்தார். வெளியே வந்து நின்றபோது என் கண் கலங்கியது. இந்த மனுஷியைப் போய் இத்தனை நாள் தப்பாக நினைத்தோமே என்றுகூடத் தோன்றியது.

சாவி வாங்கிக்கொள்ள ஸ்ரீகாந்துக்குப் போன் செய்தேன். அவர் தெலுங்கில், "மீ வாரு செப்பலேதாம்மா?" என்றார். உங்கள் வீட்டுக்காரர் சொல்லவில்லையா? ஆடி பிறந்த அன்றே ராஜீவ் போன் செய்து, பெரியவர்கள் யோசிக்கிறார்கள், நாங்கள் வரவில்லை என்று சொல்லிவிட்டாராம். முதல் சிராவண வெள்ளியன்றே வேறொரு குடும்பம் குடி வந்துவிட்டதாம். சங்கடப்பட்டு, நல்ல வீடு வேறு பார்த்துச் சொல்கிறேன் என்றார்.

நான் போனை வைத்துவிட்டு ராஜீவைப் பார்த்தேன். அவர் இன்னும் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்.

"ஏன் சொல்லல?"

"சொல்லணும்னுதான் இருந்தேன். தினமும் சொல்ல வருவேன். நீ டிபன் என்ன வேணும்னு கேட்ப. அதுக்குப் பதில் சொல்லிட்டுப் படுத்துடுவேன்."

"இன்னிக்கு வண்டி வந்து நிக்குது. கட்டிலை ஏத்தினீங்களே, அப்பவாவது?"

"மழை வரும்னு நெனச்சேன்" என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை. ஓங்கி அறைய வேண்டும்போல் இருந்தது. அதுவும் முடியவில்லை, ஏனென்றால் முகம் அப்படி இருந்தது. அம்மாவிடமும் என்னிடமும் ஒரே நேரத்தில் நல்ல பிள்ளையாக இருக்கப் பார்த்து, இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டு நிற்கிற முகம். வண்டியை எடுக்கச் சொல்லுங்கள், வேறு எங்கேயாவது போகலாம் என்றேன். எங்கே என்று அவர் கேட்டார். ராகேஷ் அடுத்த சவாரிக்கு நேரமாகிறது என்று கடிகாரத்தைக் காட்டினான். சாமானை இறக்கிவிடவா என்று அவன் ராஜீவைத்தான் கேட்டான். ராஜீவ் தலையாட்டினார். "ஹவ், சரி" என்று சொல்லிவிட்டு அவன் கயிற்றை அவிழ்த்தான்.

"இருப்பா" என்றது ஒரு குரல்.

மாமியார் வாசற்படியில் நின்றார். வாசல் தாண்டிப் போன சாமானை அப்படியே உள்ளே கொண்டுவரக் கூடாது என்றார். எனக்குள் ஏதோ துள்ளியது. ஆமாம், ஆடியில் எதுவும் குடி புகக் கூடாது. போக விடாத சட்டம் வரவும் விடாது அல்லவா? சாமான் தெருவில் நின்றால் நின்றுதானே ஆக வேண்டும், இன்றைக்கே வேறு வீடு தேடித்தானே ஆக வேண்டும்?

"ஆடியாச்சே அத்தை" என்றேன்.

அவர் என்னைக் கனிவாகப் பார்த்தார்.

"ஆடி நமக்கு. ஊரு தெலுங்குக்காரங்க ஊரு. அவங்களுக்கு சிராவணம் நடக்குதும்மா. குடி வர்றதுக்கு இதைவிட நல்ல மாசம் உண்டா?"

மாமனார் உள்ளே போய்த் தெலுங்கு காலண்டரைப் பார்த்துவிட்டு வந்து, நேரமும் நன்றாக இருக்கிறது என்றார். எல்லாம் மளமளவென்று நடந்தன. டப்பாக்களை வாங்கிக்கொண்டு, என் ஒரு கையில் உப்புக் கிண்ணம், இன்னொரு கையில் துவரம்பருப்பு வைத்தார்கள். ராஜீவை என் பக்கத்தில் நிறுத்தினார்கள். வலது காலை எடுத்து வை என்றார் மாமியார். பின்னால் ராகேஷின் ஆட்கள் என் கட்டிலைத் தூக்கிக்கொண்டு, நான் நகரக் காத்து நின்றார்கள். அந்தக் கனம் அவர்கள் தோளில் இருந்தது. நான் வைத்தேன்.

சமையல்கட்டில் புதுப் பால் ஏற்றியிருந்தது. நாலு பேரும் அடுப்பைச் சுற்றி நின்றோம். பால் சீக்கிரமே பொங்கி, கிழக்குப் பக்கமாக வழிந்தது. இனிமேல் எல்லாம் நல்லபடியாக இருக்கும் என்று மாமனார் கையெடுத்துக் கும்பிட்டார். கட்டில் பழைய இடத்தில் இறங்குகிற சத்தம் கேட்டது.

மாமியார் முதல் டம்ளரை என்னிடம் நீட்டினார். ஐந்து வருஷத்துப் பேச்சு முழுவதும் என் தொண்டைக்கு ஏறி வந்து நின்றது. இந்த வீட்டைக் கொளுத்திவிட்டுப் போகிற மாதிரி ஒரு வார்த்தை. இன்றைக்கு அதைச் சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தேன்.

"சர்க்கரை போதுமா பாரும்மா" என்றார் அவர்.

நான் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன்.

"போதும் அத்தை" என்றேன்.