முதுகில் பூசிய ஜெல்

கொசு கடித்தாலே ஊரைக் கூட்டுகிறவன் தனேஷ். அம்மாவின் ஆபரேஷன் நல்லபடி முடிந்தால் முதுகில் கொக்கி குத்திக் காவடி எடுப்பதாக அவன் நேர்ந்துகொண்டபோது, பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் முதலில் சிரித்தவள் அவன் அக்கா மாதவிதான். தைப்பூசம் நெருங்க நெருங்க அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அதைப் பார்த்ததும் அவள் சிரிப்பு போய்விட்டது. பாசம் கண்ணை மறைக்கும் என்பார்கள், படித்தவள் கண்ணையும்தான்.

அவள் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் பெப்டைட் ஜெல் செய்கிறார்கள். புரதத் துணுக்குகள் வலையாகப் பின்னிக்கொண்டு மரப்பு மருந்தைப் பிடித்து வைத்திருக்கும். தோல் வழியே நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். மனிதர் மேல் இன்னும் சோதித்துப் பார்க்காதது. ஒரு டப்பாவை யாருக்கும் தெரியாமல் எடுத்து வந்து, தைப்பூசத்தன்று காலையில் தம்பியின் முதுகு முழுக்கப் பூசினாள்.

"மெதுவாத்தான் இறங்கும். பயப்படாதே லா," என்றாள்.

கிள்ளான் கோயிலில் காவடிக் குழுவின் தலைவர் சபாபதி, கொக்கி குத்துமுன் எலுமிச்சையை அறுத்து அவன் முதுகில் அழுத்தித் தேய்த்தார். எல்லாக் காவடிக்கும் செய்வதுதான். சிறு வயதிலிருந்து பார்த்த மாதவிக்கு, ஜெல் பூசும்போது அது நினைவுக்கே வரவில்லை.

ஜெல் நீராகி வழிவதைத் தள்ளி நின்ற மாதவி கண்டாள். புளிப்பு பட்டால் அந்த வலை அவிழ்ந்துவிடும். நாள் முழுக்க இறங்க வேண்டிய மருந்து ஒரேயடியாக ரத்தத்தில் இறங்கி விஷமாகும். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவள் வந்து சேர்வதற்குள் கொக்கிகள் ஏறிவிட்டன.

தனேஷின் நாக்கு குழறியது. கண் செருகியது. உடம்பு துள்ளத் தொடங்கியது.

"அருள் வந்துருச்சு," என்றார் சபாபதி. உறுமிச் சத்தம் உச்சத்துக்குப் போனது. அம்மா புனிதா கைகூப்பி அழுதாள்.

மாதவி அவள் தோளைப் பிடித்துத் திருப்பினாள். "அம்மா, அது அருள் இல்ல. மருந்து. வலிக்காம இருக்க நான்தான் பூசினேன். ஆம்புலன்ஸ் கூப்பிடச் சொல்லுங்க."

"சாமி காரியத்துல வாய வைக்காதே," என்றாள் அம்மா.

மாதவி பாய்ந்து உறுமிக்காரரின் குச்சியைப் பிடுங்கினாள். மேளம் மொத்தமும் நின்றது.

குப்புறச் சரிந்த தனேஷின் உடம்பு மட்டும் நிற்காமல் வெட்டி வெட்டி இழுத்தது.

அம்மா அப்படியே மண்ணில் உட்கார்ந்து, கொக்கிகளுக்கு நடுவே புடவைத் தலைப்பால் அவன் முதுகைத் துடைத்தாள்.

"வலிக்குதுன்னு சொல்லுடா, தனேஷ். ஒரு தடவ சொல்லுடா."