வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு வண்டி வாங்குவது எப்படி

1

இந்தக் கதை என் கடைவாய்ப் பல்லில் தொடங்கியது. அதை மறைத்து, மழை பெய்த ஒரு மாலையில் என்றெல்லாம் அளக்க எனக்கு மனம் வரவில்லை. பல் டாக்டரின் நாற்காலியில் மல்லாந்து கிடந்தேன். வாய்க்குள் எச்சில் உறிஞ்சும் குழாய், ஒரு குட்டிக் கண்ணாடி, டாக்டரின் இரண்டு விரல்கள். இத்தனையும் குடியேறிய நேரம் பார்த்து டாக்டர் கேட்டார்:

"சார், உங்களுக்கு பைக்கப் பத்தி ஏதாச்சும் தெரியுமா?"

எனக்குச் சைக்கிளே தகராறு, டாக்டர் என்று சொல்ல நினைத்தேன். "ஆ" என்றுதான் வந்தது.

"அப்பாடா! தெரிஞ்ச ஆளா ஒருத்தர் கிடைச்சீங்க" என்று டாக்டர் உற்சாகமாகக் குடையத் தொடங்கினார்.

ஆக, மோட்டார் சைக்கிள் பற்றி அரிச்சுவடி தெரியாத ஒருவன் எழுதும் மோட்டார் சைக்கிள் கதை இது. முன்கூட்டியே சொல்லிவிட்டேன், பிறகு சண்டைக்கு வரக் கூடாது.

2

முதலில் எழுதிய தொடக்கம்:

விடியற்காலை. டாக்டர் ஆக்ஸிலேட்டரைத் திருகினார். காற்று அவருடைய கூந்தலை அள்ளி—

(ஹெல்மெட் போட்டிருக்கிறார். கூந்தலை எங்கே அள்ளுவது? போதாக்குறைக்கு அவருக்கு இன்னும் ஓட்டவே தெரியாது. அடித்துவிட்டேன்.)

இரண்டாவது தொடக்கம்:

நூற்றைம்பது சிசி* எஞ்சின், ஆறு கியர், முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக்—

(இதைப் படிப்பவர்கள் எனக்கு ஷோரூமில் கமிஷன் என்று நினைப்பார்கள்.)

* சிசி என்றால் என்ன என்று என்னைக் கேட்காதீர்கள். அது கூடக் கூட வீட்டில் எதிர்ப்பும் கூடும் என்பது மட்டும் தெரியும்.

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன்.

3

டாக்டருக்கு நாற்பது தாண்டிவிட்டது. கணவர்தான் கிளினிக்கின் முன்னறையில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பவர், ஃபோன் எடுப்பவர், பயந்துபோய் வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துத் தேற்றுபவர். இருவரும் ஒரே ஸ்கூட்டரில் வருவார்கள், ஒரே ஸ்கூட்டரில் போவார்கள். கணவர் முன்னால், டாக்டர் பின்னால். கல்யாணம் ஆன நாளிலிருந்து இதே ஏற்பாடுதான்.

பின்னால் உட்கார்ந்து வருகிறவருக்கு எதுவும் கடந்துபோன பிறகுதான் தெரியும். புதிதாகத் திறந்த கடை, தெரிந்தவர் முகம், சாலையில் பள்ளம் எல்லாமே அப்படித்தான். பள்ளம், அதில் விழுந்த பிறகு இடுப்புக்குத் தெரியும். ஒரு நாள் அப்படி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் டாக்டருக்குத் தோன்றிவிட்டது: நானே ஓட்டினால் என்ன?

இருவரும் ஷோரூம் போனார்கள். டை கட்டிய ஷோரூம்காரர் இரண்டு வண்டிகளை எடுத்துக் காட்டினார். இரண்டிலும் சின்ன எஞ்சின். எடையும் குறைவு, கால் தரையில் பதியும், புதிதாகப் பழகுகிறவர்களுக்கு வெண்ணெய் மாதிரி என்று அவர் சத்தியம் செய்தார். ஒன்று கறுப்பு, இருவர் தாராளமாக உட்காரும் நீளமான சீட்டு. இன்னொன்று சிவப்பு. பந்தய வண்டியின் தம்பி மாதிரி முன்னால் குனிந்து நின்றது.

டாக்டர் சிவப்பில் ஏறி உட்கார்ந்தார். எதிரே கண்ணாடிச் சுவர், அதற்கு அப்பால் சாலை. ஒரு பஸ் வருவதை, அது கடந்துபோவதற்கு முன்பே பார்த்தார். அவருக்கு இறங்க மனமே இல்லை. அவ்வளவு சந்தோஷம், முகமெல்லாம் சிரிப்பு.

"நானும் ஏறிப் பாக்கறேன்" என்று கணவர் பின்னால் ஏறினார். ஏறினார் என்பது மரியாதைக்குச் சொல்வது. முழங்கால் இரண்டும் காதைத் தொட, பரண்மேல் ஏற்றிய பெட்டியைப்போல உச்சியில் இருந்தார்.

"ஏங்க, இது சீட்டா, சோப்பு டப்பாவா?" என்று ஷோரூம்காரரைக் கேட்டார்.

"பின்சீட்டு சும்மா அவசரத்துக்குத்தான் சார்" என்றார் ஷோரூம்காரர்.

"என்ன அவசரத்துக்கு?"

ஷோரூம்காரர் டையைச் சரிசெய்துகொண்டார். கணவர் இறங்கி, கறுப்பு வண்டியின் சீட்டை இரண்டு தட்டு தட்டிவிட்டு, "உனக்கு எது பிடிக்குதோ அத எடு" என்றார்.

கல்யாணமானவர்களுக்கு இந்த வாக்கியத்தின் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை.

4

முடிவெடுக்க முடியாமல் டாக்டர் தமக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினார். நோயாளிகளிடம் கேட்டார்.

பல் டாக்டர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நாம் பேசக்கூடிய நிலையில் இருக்கும்போது அவர்கள் எதுவும் கேட்பதில்லை. வாயில் சாமான்களை இறக்கிய பிறகே நலம் விசாரிப்பார்கள். எல்லோரும் "ஆ" என்பார்கள். இத்தனை வருட அனுபவத்தில் அந்த அறைக்குள் டாக்டரிடம் யாரும் மாற்றுக் கருத்து சொன்னதே கிடையாது.

"மேடம், செவப்பு நல்லாருக்கும்ல?"

"ஆ."

"தம்பி, செவப்பே எடுத்துரலாமா?"

"ஆஆ."

சிவப்பு ஏகமனதாக ஜெயித்தது. (கறுப்பைப் பற்றி அவர் யாரிடமும் கேட்கவே இல்லை. அந்த "ஆ"க்களில் ஒன்று அடியேனுடையது.)

ஒரே ஒருவர் மட்டும் விதிவிலக்கு. பைக் மெக்கானிக் ஒருவர், கடைசிக் கடைவாய்ப் பல் வலியோடு வந்தவர், கேள்வியைக் கேட்டதும் இரண்டு கைகளையும் பலமாக ஆட்டினார். வலிக்கிறதாக்கும் என்று டாக்டர் மரத்துப்போக இன்னொரு ஊசியைப் போட்டுவிட்டார். மெக்கானிக் என்ன சொல்ல வந்தார் என்பது எனக்கும் தெரியாது. கதை எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

5

இப்போது ஒரு சந்தேகம். இந்தக் கணவர் ரொம்ப நல்லவராக இருக்கிறார். இவரை வைத்துக்கொண்டு கதையை எப்படி நகர்த்துவது? வில்லனாக்கிப் பார்த்தேன்:

"பொம்பளைக்கு எதுக்கு பைக்?" என்று கணவர் உறுமியபடி மேசையை—

மேசையை என்ன செய்வார்? துடைப்பார். அவருக்கு உறுமவே வரவில்லை. அடித்துவிட்டு, இவருக்கு வேறு என்னதான் பிரச்சினை என்று யோசித்தேன்.

பயம்தான். கிளினிக்கில் அவர் மனைவியை "டாக்டர்" என்றுதான் கூப்பிடுவார், வாங்க போங்கதான். வீட்டுக்குப் போனால் ஒருவர் அடுப்படி, இன்னொருவர் டிவி முன்னால் குறட்டை. இருவரும் மனம்விட்டுப் பேசிக்கொள்வது அந்த ஸ்கூட்டரில் மட்டும்தான். அவர் தலையைத் திருப்பிக் கத்துவார், டாக்டர் அவர் காதருகே கத்துவார். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர்களுக்கு இவர்கள் குடும்ப விஷயம் முழுக்க அத்துப்படி. சிவப்பு வந்துவிட்டால் டாக்டர் தனியாகப் பறந்துவிடுவார். பின்னால் காலி ஸ்கூட்டரில் தொடர்ந்து வரும் மனிதர் யாரோடு பேசுவார்?

இதை நான் எழுத நினைக்கவில்லை. விளையாட்டாகத் தொடங்கினேன், இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டது.

6

அன்று கடைசி நோயாளி போனதும் டாக்டர் கூப்பிட்டார்.

"ஏங்க, இங்க வந்து உக்காருங்க. பல்லெல்லாம் கறையா இருக்கு, சுத்தம் பண்ணிடறேன்."

"இப்பவா?"

"வாயத் தொறங்க."

குழாய் உள்ளே போனது. கண்ணாடி போனது. டாக்டர் மிகச் சாதாரணமாகக் கேட்டார்:

"அப்ப நான் செவப்பே எடுத்துக்கட்டுமா?"

"ஆ" என்றார் கணவர்.

ஜெயித்தாகிவிட்டது. கதை இங்கே முடிந்திருக்கலாம், எனக்கும் வேலை மிச்சம். ஆனால் டாக்டருக்குச் சந்தோஷம் வரவில்லை. இதே "ஆ"வை ஊரில் எத்தனை பேரிடம் வாங்கியிருக்கிறார்! இவரிடமும் அப்படி வாங்கிக்கொண்டு போவது அவருக்கு வெட்கமாக இருந்தது. கண்ணாடியை எடுத்தார், குழாயை எடுத்தார், தம் முகக்கவசத்தையும் கழற்றினார்.

"வாயக் கொப்பளிங்க. இப்ப சொல்லுங்க."

கணவர் கொப்பளித்தார். இன்னொரு தரமும் கொப்பளித்தார். நேரம் கடத்துகிறார் என்று டாக்டருக்குத் தெரிந்தது, கையுறைகளையும் கழற்றிப் போட்டார்.

"ஒண்ணு கேக்கறேன்" என்றார் கணவர். "நான் ஓட்டும்போது பின்னாடி உனக்கு என்ன தெரியும்?"

"உங்க ஹெல்மெட்."

"அப்புறம்?"

"அவ்ளோதான்."

"இத்தன வருஷமாவா?"

"ஆமா."

"இதச் சொல்லவே இல்லையே நீ!"

"நீங்க கேக்கவே இல்லையே."

(கிளினிக்கில் அவர் "நீ" என்று சொன்னது இதுவே முதல் தடவை. இருவரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.)

கணவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கழுத்தில் காகிதத் துண்டு தொங்கியது. "உனக்கு முன்னாடி ரோடு தெரியணும். நியாயந்தான். எனக்கு நீ பேசறது கேக்கணும், அது இல்லாம என்னால முடியாது. அதனால—"

7

இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. சிவப்பு என்று எழுதினேன், ஸ்கூட்டரில் தனியாக வரும் மனிதரைப் பார்க்கச் சகிக்கவில்லை. கறுப்பு என்று எழுதினேன், அந்தக் கண்ணாடிச் சுவருக்கு முன்னால் சிவப்பில் உட்கார்ந்து டாக்டர் சிரித்த சிரிப்பு என்னைத் தூங்கவிடவில்லை. சோப்பு டப்பாவில் கணவரை ஏற்றி அனுப்பினேன், முதல் திருப்பத்திலேயே அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. இரண்டு ஆசையும் ஒன்றாக உட்காரும் வண்டி இருக்கிறதா என்று ஷோரூமுக்கே போய்க் கேட்டும் பார்த்தேன். டை கட்டியவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "லைசென்ஸ் இருக்கா சார்?" என்றார். திரும்பி வந்துவிட்டேன்.

ஆகவே இனி உங்கள் பாடு. எந்த வண்டியை வேண்டுமானாலும் வாங்கிக் கொடுங்கள், எந்த நிறமும் எனக்குச் சம்மதம். ஒரே ஒரு வேண்டுகோள். "அதனால" என்று ஆரம்பித்துவிட்டுக் கணவர் தயங்கிக்கொண்டிருக்கிறார். டாக்டர் வெறுங்கையோடு காத்திருக்கிறார். நீங்களும் அவசரப்படாதீர்கள், மனிதர் பேசி முடிக்கட்டும்.