கழுவாத டிரம்பெட்

"தள்ளுங்க, சுடுதண்ணி!" என்று வாளியோடு வந்தாள் அக்கா. கூடத்தில் தம்பியைக் கிடத்தியிருந்தார்கள். துக்கத்துக்கு வந்தவர்கள் காலை மடக்கி வழிவிட்டார்கள். வாளி குளியலறைக்குப் போயிற்று. வாளிக்குள் தம்பியின் டிரம்பெட் இறங்கிற்று.

எல்லாம் ஒல்லியால் வந்தது. தம்பியோடு பேண்டில் ஊதுகிறவர். பேர்தான் ஒல்லி, கதவை அடைத்துக்கொண்டு நிற்பார். "எடுக்கும்போது அவன் டிரம்பெட்லயே ஒரு பாட்டு ஊதட்டுமாக்கா?" என்று கேட்டுவிட்டார்.

"அவனை முழுங்கின சனியனையா?"

போன வருஷம் தன் சிறுநீரகம் ஒன்றை அக்கா தம்பிக்குக் கொடுத்தாள். உடம்பு அதை ஏற்றுக்கொள்ள மாத்திரை. அந்த மாத்திரை எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிடும் என்றார்கள். அவ்வளவுதான், பூந்தொட்டி தெருவுக்குப் போனது, புறாக்களுக்குத் துடைப்பக்கட்டை, தும்மியவர்கள் வாசலோடு சரி. அப்படியும் தம்பியின் நுரையீரலில் பூஞ்சை என்று டாக்டர் சொன்னபோது சண்டைக்கே போனாள்.

"செடி, பறவை, சுவர்ல ஈரம் ஏதாவது இருக்கா?"

"என் வீட்டுத் தரையில சோறு போட்டே சாப்பிடலாம் டாக்டர்."

அவன் வேலையைப் பற்றி அவர் கேட்பதற்குள் மூச்சுக்கு மெஷின் வைத்தாகிவிட்டது. "ஊதுற கருவியா? உள்ள ஈரம் தங்கி பூஞ்சை வளரும்மா. மூச்சை இழுக்கறப்ப உள்ள போகும். நாம தாங்கிடுவோம், இவரால முடியாது. கழுவுவாரா?"

எங்கே கழுவினான்? தொடவே விடமாட்டான். கழுவினால் நாதம் போய்விடுமாம். பேண்டில் அத்தனை பேரும் அப்படித்தான்.

இப்போது குழாயைக் கழற்றி, புட்டி கழுவும் பிரஷை விட்டுத் தேய்த்தாள். கறுப்பாகக் கொழகொழவென்று வந்தது. "இதையாடா உறிஞ்சின? என் கிட்னியை வாங்கி வச்சுக்கிட்டு இதையாடா உறிஞ்சின?"

ஒல்லி குளியலறை வாசலில் நெளிந்தார். "இவ்ளோ கழுவினா நாதம் போயிடும்க்கா."

"ஆளே போயிட்டான்! உன்னுதையும் கொண்டா இங்க."

தண்ணீர் தெளிவாக வரும்வரை விடவில்லை. துடைத்து மாட்டிக் கொடுத்தாள்.

அவனை எடுக்கும் நேரம் வந்தது. ஒல்லி ஊதினார். தம்பி வாசிக்கும்போது அடியில் எப்போதும் ஒரு கரகரப்பு இருக்கும். அது இல்லை. பாட்டு தெருமுனைவரை துல்லியமாகப் போயிற்று.

அக்கா ஈரக்கையை இடுப்புத் தழும்பின்மேல் வைத்தபடி தம்பியின் முகத்தைக் குனிந்து பார்த்தாள்.

"நல்லாத்தானடா இருக்கு," என்றாள்.