தாய்மாமனுக்கு மூன்று சொல்

வெரிபீ வாழ் தமிழர்களுக்கும், ரயில் பிடித்து வரக்கூடிய ஏனைய தமிழர்களுக்கும் இத்தால் அறியத் தருவது யாதெனில்: இரண்டாயிரத்துப் பன்னிரண்டாம் ஆண்டு, மெல்பேர்ன் மாநகரின் மேற்கெல்லையில், தலைமையுரையாளரும் வாழ்த்துரையாளரும் நன்றியுரையாளருமாகிய திருவாளர் விக்னராஜா அவர்கள், ருவாண்டா நாட்டின் கிண்யர்வாண்டா மொழியில் உறவுமுறைச் சொற்களைக் கற்கத் தொடங்கினார்.

காரணம் அவருடைய மகள் ராகவி. தன்னோடு மருந்தகத்தில் வேலை செய்யும் ஒலிவியே என்ற ருவாண்டாப் பொடியனைக் கட்டப்போவதாக அவள் சொல்லிவிட்டாள். விக்னராஜாவுக்கு அதில் பெரிய ஆட்சேபணை இல்லை. அவரைக் குடைந்தது வேறு. இந்தச் செய்தி அவருக்கு வருவதற்கு ஆறு மாதம் முன்பே மெல்பேர்னின் மறுகோடியில், ரோவிலில் இருக்கும் தருமராசாவுக்குத் தெரிந்திருந்தது.

தருமராசா அவருடைய மனைவி இராஜேஸ்வரியின் தம்பி. வீடு விற்றுக்கொடுக்கும் தொழில். யாரையும் சிரிக்க வைத்துவிடுவார். ராகவிக்குக் காது குத்தியது அவர் மடியில் வைத்து. அவள் பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்கில் முதல் மரியாதை அவருக்கு. அவள் கார் ஓட்டப் பழகியதும் அவரோடுதான். அப்பா பக்கத்தில் இருந்து கத்துவாராம். மச்சானிடம் இரவல் வாங்கிய பிள்ளையைப்போலவே விக்னராஜா தன் மகளை வளர்த்திருந்தார். புது மொழியிலாவது அந்த ஆளை முந்திவிடலாம் என்று நினைத்தார்.

பாடம் குசினி மேசையில், ஆங்கிலத்தில் நடந்தது.

“அம்மாவின் சகோதரன் மாருமே,” என்றான் ஒலிவியே.

“தாய்மாமனுக்கு உங்கள் மொழியிலும் தனிச்சொல் இருக்கிறதா?”

“மூன்று இருக்கின்றன. என் மாமா என்றால் மாருமே. உங்கள் மாமா ஞோகோரோமே. அவளுடைய மாமா ஞிராருமே.”

விக்னராஜா கண்ணாடியைக் கழற்றினார். “தகப்பனுக்கு?”

“என் அப்பா டாட்டா. உங்கள் அப்பா சோ. அவளுடைய அப்பா செ.”

விக்னராஜா சோவையும் செயையும் சொல்லிப் பார்த்தார். வர இருந்த தும்மல் பாதியில் நின்றதுபோல இருந்தது.

“அவனுக்கு மட்டும் முழம் முழமா வைச்சிருக்கிறாங்கள்,” என்று தமிழில் முணுமுணுத்தார்.

“ஆருக்கப்பா?” என்றாள் ராகவி.

“ஒருத்தருக்கும் இல்லை.”

“சரி, இதையும் கேளுங்கோ. ருவாண்டா முறையில பொம்பிளை கேக்கிற அண்டைக்கு அவங்கட பக்கம் ஒராள், எங்கட பக்கம் ஒராள் எழும்பிக் கதைப்பினம். ஜோக் அடிச்சு, தரமாட்டம் எண்டு இழுத்தடிச்சுத்தான் பொம்பிளையைக் குடுக்கிறது. மாப்பிள்ளை கதைக்கக்கூடாது. பொம்பிளையின்ர அப்பாவும் வாய் திறக்கக்கூடாது. அப்பாவே கதைச்சா, இந்தக் குடும்பத்துக்கு ஒரு ஆள் இல்லை எண்டு அர்த்தமாம்.”

“அப்ப ஆர் கதைக்கிறது?”

“மாமாட்டக் கேட்டுட்டன். ஓம் எண்டவர்.”

மைக் இருந்த மண்டபத்திலிருந்து விக்னராஜா பேசாமல் திரும்பியது ஒரே ஒரு தடவைதான். அன்று கரண்ட் இல்லை.

அன்றிலிருந்து ரயிலில் போகும்போதும் வரும்போதும் அவர் சொற்களைப் பாடமாக்கினார். பக்கத்து இருக்கைக்காரர்கள் எழும்பிப் போனார்கள். ஒருநாள் பொறுக்கமுடியாமல் மச்சானுக்குப் போன் எடுத்தார்.

“தருமு, சொல்லெல்லாம் பாடமோ?”

“எங்கை அத்தான் நேரம்? முராஹோ எண்டா வணக்கமாம். அது தெரியும். மிச்சத்தைச் சிரிச்சுச் சமாளிப்பம்.”

விக்னராஜாவை எரித்தது அந்தச் சிரிப்புத்தான். எத்தனை ரயில் ஏறினாலும் அதைப் பாடமாக்க முடியாது.

அந்த நாள் வந்தது. வெரிபீ மண்டபத்தில் இரு வீட்டாரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ராகவி உள்ளறையில் இருந்தாள், கூப்பிடும்வரை வரக்கூடாது. மாப்பிள்ளை பக்கத்துப் பேச்சாளர் சிட்னியிலிருந்து அன்று காலைதான் வந்திறங்கிய பெரியவர். பெண் வீட்டில் ஒருவரையும் அவருக்குத் தெரியாது.

தருமராசா எழுந்து, “முராஹோ,” என்றார். பிறகு ஆங்கிலத்தில், “பெண்ணைத் தர முடியாது. அவள் போய்விட்டால் என் போனை யார் திருத்துவது?” என்றார். மண்டபம் சிரித்தது. இராஜேஸ்வரி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கணவருடைய எந்த உரைக்கும் அவர் கொட்டாவிதான் விட்டிருக்கிறார்.

பெரியவர் விடவில்லை. “எங்கள் மொழி படித்தீர்களாமே. பெண்ணின் உறவினரை எங்கள் மொழியில் அறிமுகப்படுத்துங்கள், பார்க்கலாம்.”

“மா... மாரு...” என்று தொடங்கித் தருமராசா சிரித்தார். சிரிப்பு முடிந்தும் சொல் வரவில்லை.

மைக் எப்போது கைமாறியது என்று யாருக்கும் தெரியாது. விக்னராஜா நடுவில் நின்றார். தப்பினேன் என்று தருமராசா அத்தானின் காலியான கதிரையில், அக்காவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

விக்னராஜா பிழையில்லாமல் பேசினார். பெண்ணின் அத்தை புஸ்பராணி, ஞிராசெங்கே. அண்ணன் கஜீவன், முசாசா. தாய், சித்தி, மச்சாள்மார் என ஒவ்வொருவரையும் கைகாட்டி, ஒவ்வொரு கைதட்டலுக்கும் இடம்விட்டுச் சொன்னார். தருமராசா இருந்த கதிரைக்கு வந்ததும் கை அப்படியே தாண்டிப் போனது. ஞிராருமே என்ற சொல்லை அவர் மறக்கவில்லை. கொடுக்க மனம் வரவில்லை.

கடைசியில் தன்னைச் சொல்வதற்காக மூச்சை இழுத்தார். அதற்குள் பெரியவர் எழுந்துவிட்டார்.

“இப்படி ஒரு பேச்சாளரை நான் கண்டதில்லை. முதலில் வேடிக்கைக்குத் தானே எழுந்துவிட்டு, பிறகு இவரைத் தேடிப் பிடித்து நிறுத்திய தகப்பன் கெட்டிக்காரர்,” என்று சொல்லிக்கொண்டே போய், தாய்க்குப் பக்கத்தில் அதன்பிறகு வாய்திறவாமல் இருந்த, யாரும் அறிமுகப்படுத்தாத அந்த மனிதரைக் கட்டிப்பிடித்தார். தகப்பனுக்கென்று கொண்டுவந்த, மரத்தில் குடைந்த பால்குடத்தை அவர் கையில் கொடுத்தார்.

ஒலிவியே பாதி எழுந்தான். மாப்பிள்ளை பேசக்கூடாது, உட்கார்ந்தான். தருமராசா குடத்தோடு அத்தானைப் பார்த்தார்.

நான்தான் தகப்பன் என்று ஒரு வசனம் போதும். மைக்கும் கையில் இருந்தது. இராஜேஸ்வரி முன்னால் சாய்ந்தார்.

“இஞ்சேருங்கோ, இனி ஒண்டும் சொல்லாதேங்கோ. நீங்கதான் அப்பா எண்டு தெரிஞ்சா என்ன நினைப்பினம்? பிள்ளையின்ர காரியம்.”

விக்னராஜா வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் கையால் மைக்கை நிறுத்தினார். உள்ளறைக் கதவு திறந்தது. ராகவி வந்து, பால்குடம் வைத்திருந்தவரைப் பார்த்துச் சிரித்தாள்.

கல்யாணம் நல்லபடி முடிந்தது. ஒலிவியே இப்போது இரண்டு பேரையுமே அங்கிள் என்று கூப்பிடுகிறான்.